ஏரிக்குள் எங்கள் நெல்

மாரெட்பள்ளி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால், நகரம் முடிகிற இடத்தில் ஒரு ஏரி. அதற்குள் அப்பா வாங்கிய அரை ஏக்கர் பட்டா நிலம் எனக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் அது தண்ணீருக்கடியில் கிடக்கும். பிறகு தண்ணீர் இறங்க இறங்க, பின்னாலேயே நாற்று நட்டுக்கொண்டு போவோம். ஏரிக்குள் பட்டா வைத்திருக்கும் எல்லோரும் இப்படித்தான் பயிர் செய்கிறோம்.

போன வருஷம் என் நிலத்துக்குக் கீழே இருந்த நிலத்தை லேஅவுட் போடுகிற ஒருவர் வாங்கி, லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார். நாற்பது லாரி வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணினால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று நிறுத்திவிட்டேன். தண்ணீர் இறங்க வழியில்லை. தை பிறந்தும் என் நிலத்தில் முழங்கால் ஆழம். நடவுப் பருவம் போய்க்கொண்டிருந்தது. ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன்.

"நக்கோங்க, வேண்டாம். நம்ம நிலமும் ஏரிக்குள்ளதான இருக்கு? அதையும் சேர்த்துப் புடுங்கிட்டா?" என்றாள் மனைவி.

எனக்கும் அதே பயம்தான். பட்டா நகல் மூன்றும் பையில் இருக்கின்றனவா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த அலுவலகத்திலிருந்து அதிகாரி நேரில் பார்க்க வந்தார். பேச்செல்லாம் தெலுங்கில். லேஅவுட்காரர் சிரித்தபடியே, "சார், இந்தத் தாத்தா நிலமும் ஏரிக்குள்ளதான். என்னைக் காலி பண்ணச் சொன்னா அவரையும் சொல்லுங்க" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க என்ன கட்டியிருக்கீங்க? மோட்டார் ரூம், காம்பவுண்டு?"

"ஒண்ணும் இல்லைங்க. தண்ணி வந்தா விட்டுடுவோம். போனா நடுவோம்."

"மண் அடிச்சீங்களா?"

"அடிச்சா நெல்லு எப்படிங்க வரும்?"

அவர் லேஅவுட்காரர் பக்கம் திரும்பினார். "பட்டா இருந்தா ஏரிக்குள்ள பயிர் பண்ணலாம். மேடாக்கக் கூடாது, கட்டக் கூடாது. அதான் சட்டம்."

"எனக்கும் பட்டா இருக்கே சார்."

"அப்ப நீங்களும் நெல்லு நடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தேன்.

நோட்டீஸ் போய், ஜேசிபி வந்து, மண் போனது. தண்ணீர் இறங்கியது. கடைசி வரிசை நட்ட அன்று மனைவியும் வந்திருந்தாள்.

"இந்தச் சேத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணீங்க?"

"இதுக்குத்தான்" என்று, அந்தச் சேற்றில் நின்றபடியே சொன்னேன்.