மூன்று நாள் பேனர் பட்டியல்

அந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் பார்த்த கொலை பன்னிரண்டு அடி அகலம் இருந்தது.

காவல் துறையின் கேமரா கண்காணிப்பு அறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பழைய அறையில் இருந்தவை பதினாறு சின்னத் திரைகள். அவற்றில் பாதி எப்போதும் கறுப்பாகவே இருக்கும். புதிய அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதைச் சோதிக்க ஏதாவது ஒரு பதிவை ஓட்ட வேண்டும். கேமரா கம்பெனிப் பொறியாளர் கையில் கிடைத்ததை ஓட்டினார். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்கு முன், பாகூர் பக்கம் ஒரு முச்சந்தியில் நடந்த சம்பவம். எந்த முச்சந்தி என்று எழுதப்போவதில்லை.

டீக்கடை பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்து வடை தின்கிறான். ஒரு பைக் வந்து நிற்கிறது. பின்னால் இருந்த இருவர் இறங்குகிறார்கள். ஓட்டி வந்தவன் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுகிறது. இரண்டாவதை அவன் கையால் தடுக்கிறான். கை மணிக்கட்டிலிருந்து தொங்குகிறது. பெஞ்ச் சாய்ந்து, டீ பாய்லர் சாய்ந்து, வெந்நீர் அவன் காலில் கொட்டுகிறது. அப்போது அவன் காலை இழுத்துக்கொள்வது தெரிகிறது. மொத்தம் பதினொரு வெட்டு. நான் எண்ணினேன். இருபது வருடம் செய்தி எழுதியவனுக்கு அது தானாக வரும்.

"கொஞ்சம் பிரைட்னஸ் கம்மி பண்ணுப்பா, செவப்பு அடிக்குது" என்றார் அறைக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர். திரைக்கு முன் உட்கார்ந்திருந்த பெண் காவலர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

நான் வேலை பார்த்த நாளிதழ் வில்லியனூர், பாகூர் செய்திப் பக்கங்களை நிறுத்தியதில் என் வேலை போயிருந்தது. கேமரா பொருத்தும் கம்பெனிக்கு ஊர் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொரு கம்பத்தடிக்கும் போய், அந்தக் கேமரா எங்கிருந்து எங்கு வரை பார்க்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பொறியாளர்கள் மீட்டரில் எழுதுவார்கள். நான் காவலர் போனில் சொல்லக்கூடிய வார்த்தைகளில் எழுதுவேன்: ரேஷன் கடை படி முதல் கோழிக்கறிக் கடை வரை.

புது மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. கேமராவை ஏதாவது மறைத்தால் திரையில் சிவப்புக் கட்டம் வந்து மணி அடிக்கும். எந்த ஊரை மனதில் வைத்து அதைச் செய்தார்களோ தெரியாது, எங்கள் ஊரை வைத்து இல்லை. இங்கே காதுகுத்துக்கு பேனர், மஞ்சள் நீராட்டுக்கு பேனர், தலைவர் பிறந்த நாளுக்கு பேனர், தலைவரோடு படம் எடுத்துக்கொண்டவனின் பிறந்த நாளுக்கும் பேனர். கட்ட உயரமான இடம் கேமரா கம்பத்துப் பக்கம்தான், ஏனென்றால் எல்லோரும் பார்க்கும் இடம் என்று நாங்களே தேர்ந்தெடுத்தது அது. முதல் முகூர்த்த நாளன்று காலையிலிருந்து மணி நிற்கவில்லை. பெண் காவலர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

பேனரை அவிழ்க்கச் சொல்லி உத்தரவுகள் உண்டு. நடைமுறை வேறு. ஸ்டேஷனிலிருந்து போன் போட்டு, விசேஷம் எப்போது முடியும் என்று கேட்பார்கள். முடிந்ததும் அவர்களே அவிழ்த்துவிடுவார்கள். இதைப் பார்த்துவிட்டு நான்தான் யோசனை சொன்னேன். பேனர் மறைத்த கேமராக்களுக்கு ஒரு பட்டியல் போடுவோம், பட்டியலில் சேர்த்தால் மூன்று நாளைக்கு மணி அடிக்காது, நான்காம் நாள் மறுபடி அடிக்கும். இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார். "நீங்க பேப்பர்ல வேஸ்ட்டா இருந்திருக்கீங்க சார்."

கல்யாண பேனருக்கும் சாவு பேனருக்கும் பட்டியலில் தனி வரி வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த முச்சந்திக்குப் போனது ஒரு காலை வேளை. டீக்கடை இல்லை, அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்திருந்தது. கம்பத்தடியில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஓட்டியது முப்பது வயதுப் பெண், பின்னால் அவள் தம்பி. இருவருக்கும் ஹெல்மெட். எங்கள் பக்கத்தில் பின்னால் உட்கார்பவர் ஹெல்மெட் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ணா, இந்தக் கேமரா வேலை செய்யுதா?" என்றாள்.

"செய்யுது."

"எது வரிக்கும் பாக்கும்?"

சொல்லக் கூடாது. ஆனால் அதை எழுதத்தான் நான் வந்திருந்தேன், வாக்கியம் தயாராக இருந்தது. "அந்த மதகுலேருந்து ஸ்டேஷன் காம்பவுண்ட் வரைக்கும் மூஞ்சி தெரியும்."

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். "கேட்டுக்கினியா? மதகு தாண்டிட்டா பயம் இல்ல."

"இன்னாத்துக்கு நடுரோட்ல கேக்குற, வா போலாம்" என்றான் அவன். குரல் வந்ததும் அவன் யாரென்று தெரிந்துவிடவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. பன்னிரண்டு அடி அகலத்தில் பார்த்த முகம். பைக்கை விட்டு இறங்காதவன்.

வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் அவன் மூன்றாவது ஆள். ஜாமீனில் வந்திருந்தான். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கோர்ட்டு நிபந்தனை. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், அதாவது செத்தவன் ஆட்களுக்கும். ஒருவன் தினம் ஒரே நேரத்துக்கு ஒரே வாசலுக்கு வருவான் என்றால் அவனைத் தேட வேண்டியதில்லை. அக்கா ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அவனைக் கூட்டி வருவதற்காகவே ஷிப்ட்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரான ஏம்பலத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வர இரண்டு வழி. ஒன்று வாய்க்கால் மேட்டு வழி, ஆள் நடமாட்டம் குறைவு. இன்னொன்று மதகு வழி. அன்றிலிருந்து மதகு வழியை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு இரண்டு முறை பார்த்தேன். ஒருமுறை அவன் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், அவள் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றாள்.

"அவன் வெட்டல ணா. வண்டிதான் ஓட்டினான்" என்றாள்.

"தெரியும். பாத்தேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"பதிவுல."

"அப்போ எஞ்சின ஆஃப் பண்ணலையே, அதையும் பாத்திருப்பீங்க" என்றாள். பிறகு என் நம்பரைக் கேட்டாள். கேமரா கெட்டுப்போனால் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். சரி என்றேன். மிஸ்டு கால் கொடுத்தாள். சேமித்துக்கொண்டேன்.

செத்தவனுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அந்த முச்சந்தியின் கட்டம் சிவந்து மணி அடித்தது. சவுக்குக் கம்பு நட்டு இருபதுக்குப் பத்து பேனரை ஏற்றியிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது அதன் முதுகு. வெயில் அந்தப் பக்கம் விழுந்ததால் செத்தவன் முகம் துணிக்குள்ளிருந்து இடவலம் மாறிய எழுத்துகளோடு தெரிந்தது. படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கீழே ஒரு முழ அளவுக்கு மட்டும் ரோடு தெரிந்தது. டயர்களும் கால்களும் போய் வந்தன.

இன்ஸ்பெக்டர் செத்தவனின் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டலாமே பா. கேமரா மறைக்குது."

"செத்தவன் மூஞ்ச எறக்கச் சொல்றீங்களா சார்? பாவம் இல்லியா?"

"அப்படிச் சொல்லல பா."

"நாளிக்கி படையல் போட்டுட்டு நாங்களே அவுத்துடறோம். உங்களுக்கும் சாப்பாடு இருக்குது, வந்துடுங்க."

அறையில் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். படையலுக்கு முன்னால் செத்தவன் பேனரில் கை வைத்தால் சாலை மறியல், கல்வீச்சு, பஸ் கண்ணாடி. அவர் அதையெல்லாம் பார்த்தவர். "நாளைக்கு ரெண்டு பேர அங்க போடுங்க" என்று ஸ்டேஷனுக்குச் சொன்னார். போட்டார்கள், படையல் வீட்டு வாசலில். கூட்டம் அங்கேதான் இருக்கும் என்று கணக்கு.

"சார், நம்ம லிஸ்ட்ல போட்டுடவா?" என்று பெண் காவலர் என்னைக் கேட்டார்.

"போடுங்க" என்றேன். மணி நின்றது.

வீட்டுக்குக் கிளம்பும்போது போனை எடுத்து அவள் நம்பரைப் பார்த்தேன். நாளை என்ன நாள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும், வர மாட்டார்கள், வந்தாலும் வேறு வழியில் வருவார்கள் என்று நினைத்தேன். காவல் துறை விஷயத்தை வெளியே சொன்னால் வேலை போகும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பத்தேகாலுக்கு நான் அந்தச் சுவருக்கு முன் இருந்தேன். வேண்டுமென்றே இருந்தேன். கீழே தெரிந்த ஒரு முழ ரோட்டில் ஸ்கூட்டரின் முன் டயர் வந்தது. அதன் பின்னால் இரண்டு பைக். பிறகு பேனர் முழுக்க வெளுத்தது. சத்தம் எங்களுக்கு வராது, படம் மட்டும்தான். துணி எங்கள் பக்கமாக உப்பியது, படத்தின் கன்னத்தில் ஏழெட்டு ஓட்டைகள் விழுந்தன. நாட்டு வெடிகுண்டு. சணல் சுற்றி, ஆணியும் கண்ணாடித் துண்டும் போட்டுக் கட்டுவது. ஓட்டைகள் வழியே புகை எங்கள் பக்கம் வந்தது.

புகை கொஞ்சம் தாழ்ந்ததும் கால்கள் தெரிந்தன. விழுந்த ஸ்கூட்டரின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு ஜோடி செருப்பு ஒரே இடத்தை நோக்கி நின்றது. ஒரு கை தரையில் வந்து விழுந்தது, விரல் விரித்து, எழுந்துகொள்ளப் பார்ப்பதுபோல். மேலே நடப்பது தெரியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் வெட்டுபவனின் குதிகால் தூக்கிக் கீழே இறங்குவது தெரிந்தது. பிறகு வெறுங்கால் ஒரு ஜோடி ஓடி வந்து அவர்கள் நடுவில் புகுந்தது. அவளுடையது. ஒரு ஹெல்மெட் சுழன்று வந்து ஒரு செருப்புக்காரனின் முட்டியில் இடித்தது. அவன் மடங்கினான். மறுகணம் அவள் முழங்கால் தரையில் இருந்தது, பக்கத்தில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் இந்த முறை எண்ணவில்லை.

"எந்த எடம், எந்த எடம்" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். பெண் காவலர் மைக்கில் நான் எழுதிய வாக்கியத்தையே சொன்னார். ஸ்டேஷன் இருநூறு அடியில் இருந்தது. அங்கே சத்தத்தைக் கேட்டு, படையல் வீட்டில் வெடி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மைக்கில் சொன்ன பிறகுதான் ஓடினார்கள். அதற்குள் பைக்குகள் போயிருந்தன.

தம்பி ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தான். அவளுக்கு இடது கையில் மூன்று விரல் போயிற்று, தோளில் பதினாலு தையல்.

நான்காம் நாள் எங்கள் அறையில் ஒவ்வொருவரையும் எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். பட்டியல் யாருடைய யோசனை என்று விசாரணை. நான் ஒரு பக்கம் எழுதினேன். முந்தின நாள் மாலை கேமரா மறைக்கப்பட்டதை நான் பார்த்தேன், பட்டியலில் சேர்க்கச் சொன்னது நான், அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது, சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுப் பேனாவால் கடைசி இரண்டு வரியைத் தொட்டார். "இத யார் கேட்டாங்க? எடுத்துடுங்க சார். எங்களுக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல்."

"அந்தப் பொண்ணு சொல்லும்."

"அது சொன்னா அப்ப பாத்துக்கலாம்."

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டு வாசலில் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் என்னைத் தெரிந்தவர், விட்டுவிட்டார். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை வலது கையால் எடுத்து எறிந்தாள். புருவத்தில் பட்டது. கான்ஸ்டபிள் உள்ளே வந்தார், நான் கை காட்டி நிறுத்தினேன்.

"அந்த நாளு வாய்க்கா வழியாதான் போலாம்னான் அவன்" என்றாள். "நான்தான் வாணாம், கேமரா ரோட்டுல போலாம்னு இட்டுனு வந்தேன். பேனர பாத்தேன். அது கேமராவ மறைக்கும்னு எனுக்கு இன்னா தெரியும்? மறைச்சிருந்தா நீ சொல்லியிருப்பன்னு இருந்தேன்."

முதல் முறையாக என்னை நீ என்றாள். வாக்குமூலத்தை எடுத்துப் பிரித்தேன். படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். என் கண்மேல் ரத்தம் வழிந்ததால் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது.

முடிந்ததும், "மாலைன்னா எத்தினி மணி?" என்றாள்.

"சாயங்காலம்தான்."

"மணி கேட்டேன்."

எனக்குத் தெரியும். திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு செய்தியில் நேரம் இல்லாவிட்டால் ஆசிரியர் திருப்பியனுப்பும் இடத்தில் இருபது வருடம் இருந்தவன் நான்.

"அஞ்சே முக்கால்."

"அஞ்சே முக்காலுக்குப் பாத்த. மறுநாளு பத்தரைக்கு நாங்க வரணும்" என்றாள். விரல்கள் இருந்த கையை மடக்கி மடக்கி எண்ணினாள். ஐந்துக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நான்காம் சுற்றில் முதல் விரலை மடக்கியதும், பதினாறில், நிறுத்திவிட்டுக் கையை இறக்கினாள். "அத எழுது."

கட்டில் பக்கத்து மேசையில் தாளை வைத்து, மாலை என்பதை அடித்துவிட்டு, 5.45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை அதை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை உட்காரச் சொல்லவில்லை.