சொல்லாமல் புறப்படுகிறவள்

பையைத் தோளில் மாட்டினாள், செருப்பில் காலை நுழைத்தாள், போய்விட்டாள். கட்டிய புருஷனிடம்கூட ஒரு வார்த்தை கிடையாது.

"இன்னா இது, எழவு வூட்லேர்ந்து பொறப்படற மாதிரி!" என்று தணிகாசலம் காலைக் காபியோடு தினமும் கத்துகிறார். கத்தி என்ன பிரயோஜனம்? "பேசறதுக்கே தெம்பில்ல சாமி" என்பாள் தனபாக்கியம், அதுவும் சாயங்காலம் திரும்பி வந்த பிறகு.

விஜயபுரத்துப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். திருப்பதியில் நர்ஸாகத் தெருத்தெருவாய் நடந்து முட்டி தேய்ந்தவள். தடுப்பூசி, எடை பார்ப்பது எல்லாம் சரி. அவள் சுற்றுகிற தெருக்களில் ஒரு வயதுக்குள் குழந்தை செத்துவிட்டால், எப்படிச் செத்தது என்று பெற்றவளைக் கேட்டு எழுதி வருவதும் அவள் தலையில்தான் விழுகிறது. பால் குடித்ததா, காய்ச்சல் எப்போது வந்தது, ஆஸ்பத்திரிக்கு ஏன் தாமதம்? அழுகிறவளிடம் இத்தனையும் கேட்டுவிட்டு, "போய்ட்டு வரேன்" என்று எந்த வாயால் சொல்வது? துக்க வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்படி எழுந்து எழுந்து வந்ததில், நல்ல வீட்டிலும் அந்தச் சொல் அவளுக்கு வராமலே போயிற்று.

இந்த வருஷம் குழந்தைச் சாவு விகிதம் குறைந்திருக்கிறது என்று மீட்டிங்கில் கைதட்டினார்கள். இவளும் தட்டினாள். வெளியே வந்ததும், "ரேட்டு கொறஞ்சா நல்லதுதான். நான் போற வூட்ல ஒரு புள்ள முழுசால்ல பூட்டுக்கீது!" என்றாள்.

சாக்கடைக்குள்ளேயே குடிதண்ணீர்க் குழாய் ஓடுகிற சந்தில் இருக்கிறாள் ஸ்ரீதேவி. ரெண்டு வருஷம் முன்னால் மழையில் அவளுடைய தலைச்சன் பிள்ளை பேதியில் போனது. அங்கேயும் கேட்டு எழுதிவிட்டுச் சொல்லாமல் வந்தவள்தான் தனபாக்கியம். குழாயை மாற்றச் சொல்லி அவள் எழுதியதற்கு, "சூஸ்தாம், சூஸ்தாம்", பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஆபீஸில் இன்னும் தெலுங்கில் இழுத்தடிக்கிறார்கள். நாசமாய்ப் போக! இந்த மழையில் கைக்குழந்தைக்கும் அதே பேதி. தனபாக்கியம் மதியச் சோற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிழைத்துக்கொண்டது.

நேற்று எடை பார்க்கப் போனாள். ஏறியிருந்தது. "தண்ணிய காய்ச்சிக் குடு. சோம்பேறித்தனம் பண்ணிக்கினு இருக்காத, இன்னா?" என்று அதட்டிவிட்டு வழக்கம்போல் கிளம்பிவிட்டாள். சந்து முனையில் திரும்பிப் பார்த்தால், ஸ்ரீதேவி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வாசலில் வெளிறிப்போய் நிற்கிறாள். மூத்தது செத்த அன்றும் இவள் இப்படித்தானே எழுந்து போனாள்.

தனபாக்கியம் முட்டியைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரமும் திரும்பி நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வரேண்டா கண்ணு" என்றாள்.