முப்பது என்று எழுதிய பலகை

"எங்கள் தெருவில் வாகன வேகத்தை முப்பது கிலோமீட்டராகக் குறைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்." தைப்பூசம் கழிந்த முதல் திங்களன்று மாநகர் மன்றத்துக்கு நாங்கள் கொடுத்த மனுவின் முதல் வரி இது. முதல் கையெழுத்து எதிர்வீட்டு அக்காவுடையது. அவர் கணவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வேன் என் வாசலில்தான் நிற்கும். ஒவ்வொரு முறையும் அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தாக வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் பலகை வந்துவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் இந்தப் பகுதியில், வண்டி நிறுத்த இடம் பிடிப்பதற்காக அவரவர் வாசலில் பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, சிமெண்டு ஊற்றிய பெயிண்டு டின் என்று எதையாவது வைத்திருப்போம். மூலைக் காப்பிக்கடைக்காரர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"போர்டு வந்திருச்சுலா. நாமளும் ரூல்ஸ்படி இருக்கணும். இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு?"

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். தெரு அவ்வளவு அகலமானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாளே சத்தம் மாறிவிட்டது. முன்பெல்லாம் டின்களுக்கு ஒதுங்கி, என் வாசலருகே வண்டிகள் தணிந்து போகும். இப்போது எதுவும் தணியவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அக்காவின் கணவர் நாற்காலியில் இருந்தபடியே காப்பிக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "முப்பதுன்னா மணிக்கா, நிமிஷத்துக்காண்ணே?"

"சும்மா இருங்க, எப்பப் பாரு விளையாட்டு" என்று அவரை அடக்கிவிட்டு, அக்கா கடைக்காரரிடம் கேட்டார்: "அண்ணே, என் வாசல்ல மட்டுமாவது அந்த டின்னைத் திரும்ப வைக்கட்டுமா?"

"போர்டு கேட்டு வாங்கிட்டு நாமளே ரோட்டை அடைச்சா நல்லாவா இருக்கும்? கொஞ்ச நாள் பாரும்மா, பழகிடும்."

அக்கா வைக்கவில்லை. அதன்பின் தெருவைக் கடக்குமுன் நெடுநேரம் நின்றார். சில நாள் வேன் ஓட்டுநர் ஹார்ன் அடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

விசாகத்துக்கு அடுத்த சனிக்கிழமை காலை, வேன் வருமுன்பே அவர்கள் தெருவைக் கடக்கையில், வெள்ளைக் கார் ஒன்று நாற்காலியின் பின்சக்கரத்தில் மோதியது. அக்காவின் கையில் கைப்பிடியின் ரப்பர் உறை மட்டும் இருந்தது. அவர் கணவர் தெருவோரக் கால்வாயருகே விழுந்து கிடந்தார்.

காரோட்டி, ஜுரு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர், தொழிற்சாலைச் சட்டையோடு இறங்கி ஓடி வந்தார். "மெதுவாத்தான் வந்தேண்ணே. முப்பதுதான். போர்டைப் பார்த்தேன்லா."

இடுப்பெலும்பு முறிவு. அவர் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார். டயாலிசிஸும் அங்கேயே. எதிர்வீடு பூட்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் கேமரா இல்லை. மோதியபோது தெருவில் இருந்தவர்கள் அவர்கள் இருவர்தான், அவர்களும் கார் வந்த வேகத்தைக் கவனிக்கவில்லை. அந்தக் கார் முப்பதில்தான் வந்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.