பக்கவாட்டு வெளிச்சத்துக்கு ஒரு ஒயர்

மனித முகத்தைவிடப் பட்டுப்புடவையைப் படம் எடுப்பது கடினம். கேமராவின் தலையில் மாட்டிய ஃப்ளாஷ் நேராக அடித்தால் சரிகை வெள்ளை வெளேரென்று வெந்துபோகும். மயில் எது, மாங்காய் எது என்று தெரியாது.

இது எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. காதுகுத்து, கல்யாணம் என்று எடுத்துக்கொண்டிருந்தவன் நான். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு புடவைக் கடைக்காரர் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தபோது என்னைக் கூப்பிட்டார். முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, கண்ணாடித் தாள் சுத்தினா மாதிரி இருக்குது?" என்றார். அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வலித்தது.

வீட்டில் என் மனைவி படங்களைப் பார்த்தாள். அவள் நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். "பொடவைய சாய்ச்சிப் பாத்தாதான சரிக தெரியும்? லைட்ட பக்கத்துலேர்ந்து அடிச்சா இன்னா?" என்றாள்.

பக்கத்திலிருந்து அடிக்க வேண்டுமென்றால் ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். இரண்டையும் இணைக்க ஒரு ஒயர் வேண்டும். கேமரா கம்பெனியே செய்யும் ஒயரின் விலை எங்களுக்கு எட்டாது. ஒயரே இல்லாமல் இயங்கும் மலிவான கருவி ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். நினைத்தால் எரிந்தது, நினைத்தால் எரியவில்லை.

மலிவு விலை ஒயர்களை ஃபோனில் தேடினேன். முதலில் வந்தது பார்வைக்குச் சரியாக இருந்தது. ஆனால் அடியிலிருந்த பின்கள் வேறு கம்பெனி கேமராவுக்கானவை. எவ்வளவு குறைத்து வைத்தாலும் ஃப்ளாஷ் முழு பலத்தோடு அடித்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்தது பழைய டெலிபோன் ஒயர்போலச் சுருள் சுருளாக இருந்தது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்ததும் அது ஸ்டாண்டோடு ஃப்ளாஷை இழுத்துக்கொண்டது. மனைவி பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் ஃப்ளாஷ் தரையில் சிதறியிருக்கும். அதையும் அனுப்பிவிட்டு, வாங்கியவர்கள் போட்டிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பின்களை எண்ணிப் பார்த்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். சுருளில்லாத நீள ஒயர், உலோக அடிப்பாகம், இறுக்கிக்கொள்ள ஒரு வளையம். பெயர் கேள்விப்படாத கம்பெனிதான். ஆனால் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

இடது பக்கம், நாலடி தள்ளி, சற்று உயரத்தில் ஃப்ளாஷை வைத்து எடுத்தபோது சரிகை இழை இழையாக எழுந்து நின்றது. கடைக்காரர் அசந்துபோனார். அதுவரை அந்தக் கடையில் நான் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். அன்று நாற்காலி போடச் சொன்னார், காபி வந்தது.

"அது இன்னா ஒயருப்பா? இதுல கொஞ்சம் எழுதிக் குடேன்" என்று ஒரு அட்டையை நீட்டினார்.

பெருமை தலைக்கேறியிருந்தது. எழுதினேன். எந்த ஒயரை வாங்கக்கூடாது என்பதையும் எழுதினேன். ஃப்ளாஷ் நிற்க வேண்டிய இடத்தைப் படமாக வரைந்தே கொடுத்தேன்.

அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. ஒரு நாள் மனைவி ஃபோனை நீட்டி, "இது எப்போ எடுத்தீங்க?" என்றாள். அந்தக் கடையின் புதுப் புடவைகள். இடது பக்கத்திலிருந்து அதே வெளிச்சம். நான் எடுக்கவில்லை. கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். "நம்ம பொண்ணே எடுக்குதுப்பா. காலேஜ் முடிச்சிட்டு சும்மாதான இருக்குது" என்றார், என்னிடம் நல்ல செய்தி சொல்வதுபோல.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "அண்ணா, ஃப்ளாஷ் எரியவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா? உங்க அட்டைய வச்சிதான் எல்லாம் கத்துக்குனேன்."

போனேன். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஒயரின் முனையை முழுதாக உள்ளே தள்ளாமல் வளையத்தை இறுக்கியிருந்தாள். நக அகலத்துக்கு இடைவெளி, பின்கள் தொடவில்லை. வளையத்தைத் தளர்த்தி உள்ளே தள்ளினால் முடிந்தது. ஆனால் நான் ஒயரைக் கழற்றினேன். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். ஊதினேன்.

"ஒயரு உள்ள கட்டாயிருக்குதும்மா. இனிமே வேலைக்கு ஆவாது."

"அப்படியா அண்ணா?" என்றவள் அங்கேயே ஃபோனை எடுத்து, நான் எழுதிக் கொடுத்த அதே ஒயரை ஆர்டர் செய்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு பழையதைச் சுற்றி என் கையில் வைத்தாள். "நீங்களே எடுத்துக்குங்கண்ணா. ஏதாவது பார்ட்ஸுக்காவது உதவும்."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி அதைக் கேமராவிலும் ஃப்ளாஷிலும் மாட்டி அழுத்தினாள். பளிச்சென்று அடித்தது.

"நல்லாதான இருக்குது? அவங்க ஏன் குடுத்துட்டாங்க?"

அவள் மறுபடியும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். புரிந்திருக்க வேண்டும். ஒயரைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் கடைக்காரர் எனக்குச் செய்ததைப் பற்றி அவளிடம் நிறையச் சொல்லியிருப்பேன்.