க்ராஃபிஷ் வேகவைத்த அமாவாசை

ஈரச் சாக்குக்குள் உயிரோடு கிடக்கும் க்ராஃபிஷ் அசைகிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ பழைய செய்தித்தாளை மெதுவாகக் கசக்கிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும், நிற்கவே நிற்காது. அந்தச் சத்தத்தையும் அதனோடு வந்த சேற்று வாடையையும் பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ரவுண்ட் ராக்கில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஓட்டி வந்த அந்தச் சனிக்கிழமைக் காலையில், டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் என்னைவிடச் சந்தோஷமான ஆள் கிடைத்திருக்க மாட்டான்.

இளமைக்காலம் என்றால் எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. நாமக்கல் லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைத்து, மஸ்கட்டில் மண்வாரி இயந்திரங்களைக் கழற்றி மாட்டி, யாருடைய சிபாரிசும் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்து, முப்பது வயதுக்குள் சொந்தமாக மெக்கானிக் ஷாப் போட்டவன் நான். அதனால் என் இளமை தொண்ணூறுகளின் டெக்சாஸில்தான் இருக்கிறது, எஞ்சின் ஆயிலும் வெயிலுமாக. இன்றைக்கு எனக்கு மூன்று ஷாப். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

ரவுண்ட் ராக்கில் அப்போது நம்மவர்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தார்கள். எல்லோரும் அங்கிருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், எல்லோருடைய காரும் என் கையில். "பழனி, ஏசி வேலை செய்யல", "பழனி, பிரேக் போட்டா கத்துது" என்று போன் வரும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய், வாசலில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பேன். காபி பேப்பர் கப்பில் வாசலுக்கு வந்துவிடும். மரியாதைக் குறைவாக ஒருவரும் நடந்ததில்லை. கையெல்லாம் கிரீஸாக இருப்பவனை உள்ளே கூப்பிட்டு சோபாவில் உட்கார வைக்கவும் முடியாது, அது எனக்கே தெரியும். ஆனால் ஜன்னல் வழியாகச் சிரிப்புச் சத்தமும் தாளிக்கிற வாசனையும் வரும்போது, "ஸ்பேனர்" கையிலிருந்து கொஞ்சம் நழுவும்.

என் ஷாப்புக்குப் பக்கத்தில் டயர்க் கடை வைத்திருந்த கிளைட் லூசியானாக்காரன். அந்த வருஷம் மார்ச்சில் அவன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டான். தோட்டத்தில் நீள மேஜை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் அண்டாவிலிருந்து நேராகக் கொட்டிய செக்கச்செவேல் என்ற க்ராஃபிஷ் குவியல். இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். கூடவே வெந்த சோளம், உருளைக்கிழங்கு, முழுப் பூண்டு. தட்டு இல்லை, முள்கரண்டி இல்லை. வக்கீலும் நின்றான், குப்பை லாரி டிரைவரும் நின்றான், எல்லோரும் வெறுங்கையால் வாலைத் திருகி, தலையை உறிஞ்சி, முழங்கை வரை மசாலா வழியச் சாப்பிட்டார்கள். அமெரிக்காவில் நான் பார்த்த முதல் நியாயமான பந்தி அதுதான். நம் ஆட்களை இப்படி ஒரு மேஜையைச் சுற்றி நிறுத்திவிட்டால், யார் எஞ்சினியர், யார் மெக்கானிக் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

அதுவரை என் வீட்டில் ஒருவரும் கை நனைத்ததில்லை. எல்லோருக்கும் நானே போன் போட்டேன். "அடுத்த சனிக்கெழம சாயங்காலம் குடும்பத்தோட நம்மூட்டுக்கு வந்துருங்க. நண்டு மாதிரி ஒண்ணுங்க, உசுரோட வாங்கறேன்." ரமணன் சார், அந்தக் கூட்டத்துக்கே பெரியவர் மாதிரி, "டேய் பழனி, பார்ட்டி எல்லாம் குடுக்கற அளவுக்கு வந்துட்டியா! கண்டிப்பா வர்றோம்டா" என்றார். அந்த "டா" எனக்கு ஒரு வாரம் இனித்தது.

கிளைட்டிடம் அண்டாவும் கேஸ் அடுப்பும் இரவல் வாங்கினேன். அவன் மசாலாவோடு என் பங்குக்கு மிளகும் சீரகமும் வறுத்து அரைத்துச் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை ஏற்றி வந்த இரண்டு சாக்கையும் பெரிய தொட்டியில் கொட்டி, சேறு போகப் போகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது, மத்தியானம் ரமணன் சாரின் மனைவி போன் பண்ணினார்.

"பழனி, விஜி பேசறேன். ஈவ்னிங் எல்லாரும் வர்றோம். ஆனா இன்னிக்கு அமாவாசையாச்சே, நம்ம குரூப்ல யாரும் நான்-வெஜ் தொட மாட்டாங்களே. நீங்க ஒண்ணும் வொரி பண்ணிக்காதீங்க, லெமன் ரைஸ், தயிர் சாதம் எல்லாம் நாங்களே எடுத்துட்டு வந்துடறோம்."

"அமாவாசைங்களா?"

"நாங்களும் காலைல தாளைக் கிழிக்கறப்பதான் பாத்தோம். ஏன், உங்க வீட்ல காலண்டர் இல்லையா?"

இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்தது, பளபளவென்று லாரிப் படம் போட்டது. போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைக் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம் அச்சடித்திருந்தது. தினமும் பார்த்ததுதான், என் கிரீஸ் கை பட்ட அடையாளம் என்று இருந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால், ஊரை விட்டு வந்த இத்தனை வருஷத்தில் "இன்னைக்கு அமாவாசை, கவுச்சி கிடையாது" என்று காலையில் என்னிடம் சொல்ல ஒரு வாய் இருந்ததில்லை. ஆள் இருக்கிற வீட்டில் அமாவாசை தானாக வந்துவிடும். தனி ஆளுக்கு அது வருவதே இல்லை.

நாளைக்குத் தள்ளிப் போடலாமா என்று கிளைட்டைக் கேட்டேன். நாளைக்குள் பாதி செத்துவிடும், செத்ததைச் சமைத்தால் உன் விருந்தாளிகளை ஆஸ்பத்திரியில்தான் பார்ப்பாய் என்றான். அடுப்பைப் பற்றவைத்தேன்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். ஒரு குடும்பம்கூடத் தவறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் அலுமினியத் தட்டுகளில் சாதத்தோடு இறங்கினார்கள். நான் அண்டாவைத் தூக்கி மேஜையில் கொட்டியபோது எழுந்த ஆவிக்கு எல்லோரும் ஒருசேர இரண்டடி பின்னால் போனார்கள். குழந்தைகள் மட்டும் ஓடி வந்தன.

"Eww, அம்மா, it's looking at me!"

"தொடாத! தொட்டா குளிச்சிட்டுதான் கார்ல ஏறணும்."

"ஆன்ட்டி, அந்தச் சோளம் மட்டும் எடுத்துக்கலாமா?" என்று யாரோ கேட்க, "அதுவும் அதே தண்ணில வெந்ததுடா கண்ணா" என்றார் விஜி. சோளமும் போச்சு, உருளைக்கிழங்கும் போச்சு. வேலியோரம் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, பேப்பர் தட்டில் தயிர் சாதம் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. "அடுத்த தடவை பௌர்ணமில வைடா பழனி, ஒரு பிடி பிடிச்சிடலாம்" என்று ரமணன் சார் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மேஜைக்கும் அவர்களுக்கும் நடுவில் பதினைந்து அடிப் புல் தரை இருந்தது. அதில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கையில் தயிர் சாதத்தோடு நின்றேன்.

கிளைட் வந்து பார்த்தான். குவியல் குலையாமல் கிடக்கிறது, ஜனங்கள் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது இறந்துவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டான். நிலா இல்லாத இந்த நாள் எங்களுக்கு, போய்ச் சேர்ந்த அப்பன் பாட்டன்களுக்கு உரியது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான். ஒரு கை அள்ளி மேஜை ஓரத்தில் தனியாக வைத்து, "என் அப்பாவுக்கு இது உயிர்" என்றான். அப்புறம் நின்றுகொண்டே கொஞ்சம் சாப்பிட்டு, மசாலா பிரமாதம் என்று தோளைத் தட்டிவிட்டு, வீட்டில் பிள்ளைகள் தேடும் என்று போய்விட்டான். இருட்டுவதற்குள் நம்மவர்களும் கிளம்பினார்கள்.

வீணாக்குகிறவன் நான் இல்லை. அத்தனையையும் உட்கார்ந்து உரித்தேன், நகக்கண்ணெல்லாம் எரிய எரிய. ஞாயிற்றுக்கிழமை அந்த வால் சதையைப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்து, தயிர் டப்பாக்களில் ஊற்றி வீடு வீடாகக் கொண்டுபோனேன். ரமணன் சார் வீட்டுக்கு மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்த "தூக்குப்போசி", பிடி வைத்த எவர்சில்வர் பாத்திரம். எல்லா வீட்டிலும் கதவைத் திறந்து, வாங்கி, "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு பழனி" என்றார்கள். ஏழு வீட்டிலும் என் குழம்புதான் அன்றைக்கு. உப்பு, காரம் எதிலும் ஒருவர் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் நான் வாசலில்தான் நின்றேன்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் நம்மிடம் இல்லையே. அடுத்த வாரம் பிரேக் பார்க்கப் போனபோது விஜி தூக்குப்போசியைத் தேய்த்துக் கழுவி வாசலுக்குக் கொண்டுவந்து தந்தார். சர்க்கரையோ பழமோ இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால், உள்ளே ஒரு தினசரிக் காலண்டர்க் கட்டு. ஊரிலிருந்து இரண்டு வந்ததில் ஒன்றாம், போனில் கேட்டபோது விஜி சொன்னார். ஜனவரி ஒன்றிலிருந்து ஒரு தாளும் கிழிக்காதது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கடந்துபோன மூன்று மாதத்துக்கும் மேலான நாட்களைத் தாள் தாளாகக் கிழித்தேன். அவ்வளவு நாளில் என் வீட்டுக்கு ஆள் வந்த நாள் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தாளை மட்டும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ரமணன் சார் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. மற்றவர்கள் ஆலன், ஐசலின் என்று ஊர் ஊராகக் கலைந்தார்கள். கிளைட்டின் டயர்க் கடை இருந்த இடத்தில் இப்போது வங்கி. க்ராஃபிஷை நம் பிள்ளைகள் கடையில் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு, கறி மசாலா போட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். உயிரோடு சாக்கில் வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. எனக்கும் பிறகு கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளுக்கும் இப்போது குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ள என் மனைவி நியூஜெர்சி போய் ஆறு மாதமாகிறது. கொல்லையில் இருபது பேர் நிற்கிற கிரானைட் மேஜையும் பக்கத்திலேயே கேஸ் அடுப்பும் கட்டி வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் அசந்துபோவார்கள்.

காலண்டர் மட்டும் வருஷம் தவறாமல் ஈரோட்டிலிருந்து வரவழைத்துவிடுகிறேன். இன்று காலையும் ஒரு தாள் கிழித்தேன். சனிக்கிழமை. அமாவாசை இல்லை, கிருத்திகை இல்லை, ஒரு விரதமும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்.