பேர் போடாத சாமான்கள்

என் வீட்டுக்காரர் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வழியாகச் சேத்தூர் போகிற பஸ்ஸில் எண்பதுகளிலும் அதற்குப் பிறகும் விசில் ஊதியவர். சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது, ஒரு வெற்றிலைகூடக் கிடையாது. இருந்த கிறுக்கு ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கத்துச் சனங்கள் புழங்கிய சாமான்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும், அதை ஊரார் வந்து பார்க்க வேண்டும். "மதுரையில ராஜாவுக்கு அரண்மனை இருக்கு, சம்சாரிக்கு என்ன இருக்கு?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். சம்சாரிக்குச் சாம்பார் ஆறுது, சாப்பிடுங்க என்பேன்.

சோழபுரத்தில் என் மாமனார் பருத்தி மூட்டை அடுக்கிவைத்த கிட்டங்கி சும்மா கிடந்தது. அதைக் கூட்டி வெள்ளையடித்து, வாசலில் மியூசியம் என்று பலகை மாட்டினார். டிக்கெட் கிழிக்கும்போதே பஸ்ஸில் எல்லோரிடமும், "பழைய சாமான் இருந்தா தூரப் போடாம எங்கிட்டக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்.

முதலில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு சேத்தூர் அம்மா ஒருத்தி மஞ்சள் பையில் ஒரு வெற்றிலைச் செல்லம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தச் செய்தி எப்படிப் பரவியதோ, அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஊன்றுகோல், மூக்குக் கண்ணாடி, சுருட்டுப் பெட்டி, சாய்வு நாற்காலி. கயிற்றுக் கட்டில்கள் பஸ்ஸின் மேலேறி வந்தன. ஒவ்வொன்றுக்கும் அட்டை வெட்டி, என்ன சாமான், எந்த ஊர் என்று முத்து முத்தாக எழுதிக் கட்டினார். கொடுத்தவர் குடும்பப் பேரையும் போட அவருக்கு ஆசை. கேட்டால், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல, "பேரெல்லாம் எதுக்குங்க, வேண்டாம்" என்றார்கள்.

"குடுத்துட்டுப் பேரு வேண்டாம்கிறாங்க பாரு, என்ன பெரிய மனசு" என்று உருகிப்போனார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தைப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பஸ்ஸில் ஒருவர் விடாமல் சொல்லியிருந்தார். நான் ஒரு குண்டான் நிறையச் சுக்குக் காப்பி போட்டு வைத்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. தெருவில் போனவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். மாசமாக இருந்த மருமகளை ஒரு மாமியார் பாதி வழியிலேயே திருப்பிக் கூட்டிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் காப்பியைச் சாக்கடையில் கொட்டினேன்.

மறுநாள் அடிபம்பில் அடுத்த தெருக்காரியைப் பிடித்துக்கொண்டேன். சாய்வு நாற்காலி கொடுத்தது அவள்தான். "ஒஞ் சாமானைப் பாக்கக்கூட வரமாட்டியா?" என்றேன்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. அல்பாயுசுல செத்தவுக பொழங்குனதை வீட்ல வைக்கக் கூடாதும்பாக. எங்க வீட்டுக்காரவுக தம்பி சாகுத வயசிலயா செத்தாரு? நாக்காலிய எரிக்க மனசில்ல, வச்சுக்கிடவும் பயம். அண்ணாச்சி வந்து கேக்கவும் சாமி அனுப்புன மாதிரி இருந்துச்சு. குடுத்துட்டுத் தலைக்கு ஊத்திட்டோம். அதைத் திரும்ப வந்து பாக்கச் சொல்லுதீகளே."

எல்லோரும் பேர் வேண்டாம் என்றது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. சேத்தூர் வெற்றிலைச் செல்லத்திலிருந்து அத்தனையும் அப்படி வந்தவைதான். ஊரார் மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் யாரை என்ன சொல்ல, என் பிறந்த வீட்டிலும் அதே வழக்கம்தான்.

அவரிடம் சொன்னேன். "தீட்டுதானே, கழிச்சிருவோம்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஐயரைக் கூட்டிவந்து ஹோமம் வளர்த்து, மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் தெளித்தார். அதுவே எமனாக முடிந்தது. அதுவரை தங்கள் வீட்டுச் சாமான் மட்டும்தான் அப்படி என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். "ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு ஹோமம் வளக்காக?" என்று இப்போது ஊரே பேசியது. பிள்ளைகளைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்த கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடமும் வரவில்லை என்று ஆள் விட்டுவிட்டது.

அதன் பிறகும் லீவு நாள் தவறாமல் கிட்டங்கியைத் திறந்து, தூசி தட்டி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தொண்ணூறுகள் பிறந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே டி.வி. முன்னால் கிடந்தபோதும் உட்கார்ந்தார். "பூட்டித் தொலைங்க" என்று நான் கத்தாத வாரம் இல்லை. "இன்னைக்கு ஒருத்தராவது வந்து பாக்கட்டும்" என்பார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை விட்டு இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ரிட்டயர் ஆகிற வயசுகூட ஆகவில்லை.

பதினாறு முடிந்ததும் கொழுந்தனார் தலைமையில் சொந்தக்காரர்கள் வீட்டை ஒழித்தார்கள். அவருடைய கட்டில், காக்கிச் சட்டை, தோல் பை, விசில் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பின்னாலேயே நடந்தேன்.

அன்றைக்குத்தான் கிட்டங்கிக்குள் கூட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். இதற்காகத்தானே அந்த மனுஷர் அத்தனை வருஷம் ஸ்டூலில் காத்துக் கிடந்தார். ஒருவர்கூட அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலை இறக்கினார்கள், அதன்மேல் மற்றதை வைத்தார்கள், விறுவிறுவென்று வெளியேறி அடிபம்பில் கால் கழுவினார்கள்.

நான் மட்டும் உள்ளே நின்றேன். அவர் வெட்டி வைத்திருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, "தோல் பை, கண்டக்டர் தோளில் மாட்டியது, சோழபுரம்" என்று எழுதினேன்.

கொழுந்தனார் வாசலுக்கு வெளியே ஈரக் காலோடு நின்று எட்டிப் பார்த்தார். "பேரு வேண்டாம் மதினி. போட்டுட்டு வாங்க, போவோம்."

கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பேரை, அட்டை கொண்டமட்டும் பெரிதாக எழுதிப் பையில் கட்டினேன். தடுக்க வேண்டுமானால் கொழுந்தனார் உள்ளே வர வேண்டும். அவரும் வரவில்லை. அதை வாசிக்க இன்றுவரை யாரும் வரவில்லை.