பெட்டியில் போட்டிருந்த இங்கிலீஷ்

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த முதல் ஆள் நான். ஏழாம் வகுப்பிலேயே மருந்துச் சீட்டு, பேங்க் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தெரியாத சொல்லையும் தெரிந்த மாதிரி வாசித்துவிடுவேன்.

சித்தப்பா பாளையம்பட்டியில் எங்கள் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துவந்தார். கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்க மதுரைக்குப் போனபோது, இங்கிலீஷுக்காக என்னையும் அழைத்துப்போனார். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று பச்சை, இன்னொன்று சிவப்பு. விலை ஒன்றுதான்.

"நம்ம எடிட்டிங்குக்கு எது ஆகும்னு வாசிச்சுச் சொல்லு தாயி."

அவர் வைத்திருந்த எடிட்டிங் மென்பொருளின் பெயர் பச்சைப் பெட்டியில்தான் இருந்தது. அதை வேகமாக ஓட்டும் வித்தையை அந்தக் கம்பெனிக்காரன் தன் கார்டுக்குள்ளேயே பூட்டிவைத்திருந்தான். அடுத்தவன் கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திறக்காது. எதிர்க்கம்பெனிக்காரன் மட்டும் சும்மா இருப்பானா? சிவப்புப் பெட்டிக்குள் ஒரு கேமுக்கு இலவசக் கூப்பன் இருப்பதாக மேலே போட்டிருந்தான். நான் ஒரு வருடமாக ஏங்கிய கேம் அது. கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனதும், பச்சைப் பெட்டியில் இருந்ததை, சிவப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

"இதுலதான் வேகமா ஓடும்னு போட்டிருக்கு சித்தப்பா."

வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் கூப்பனைச் சுரண்டினேன். சித்தப்பா இல்லாத நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் எனக்கு கேம் பறந்தது. சித்தப்பாவுக்கு, மல்லாங்கிணற்றில் எடுத்த கல்யாணப் படம் பாதியில் நின்று நின்று போனது. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை சிங்கப்பூருக்குக் கிளம்புகிறார். பெண்ணின் அப்பா தினமும் வந்து நின்றார்.

வியாழக்கிழமை சித்தப்பா கார்டை மாற்றப் போனார். நானும் போகவேண்டியதாயிற்று.

"வேகமா ஓடும்னு பச்சைப் பொட்டியிலதான போட்டிருக்கு, இதுல எங்கண்ணே இருக்கு?" என்றார் கடைக்காரர். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, மாத்தித் தாரேன்" என்று திறந்தவர் கூப்பனைப் பார்த்துவிட்டார். "சுரண்டியாச்சே. இனி எடுக்க முடியாதுண்ணே."

"நாந்தேன் தெரியாமச் சுரண்டிட்டேன்" என்றார் சித்தப்பா.

"கேம் வெளையாடுற வயசாண்ணே ஒங்களுக்கு?" கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மாப்பிள்ளை படமில்லாமலே விமானம் ஏறினார். பெண்ணின் அப்பா தெருவில் நின்று, "ஒன்னைய நம்புனேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்று கத்தினார். சித்தப்பா தலைகுனிந்து நின்றார். ஒருவர் மேல் ஒருவர் பழி போடும் எங்கள் வீட்டில் அன்று என் பெயர் வரவே இல்லை. தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன்.

அதன்பிறகு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் சித்தப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த தெரு டீச்சர் வீட்டுக்குப் போவார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். டீச்சருக்கு என்னைவிட இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், அதனால்தான் போகிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.